முன்வாசல் சாய்தளம்

பிப்ரவரி 6, செவ்வாய்

வீட்டைப் பற்றி இணையதளத்தில் ஒரு விமர்சனம் வந்திருக்கிறது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு வந்து, மறுநாளே கிளம்பிப் போன மாவு மில்காரர் எழுதியது. தகப்பனாருக்குப் பக்கவாதம். வாசலில் நான்கு படிகள் இருப்பதால் டிரைவரும் தானுமாக அவரை அரிசி மூட்டை போலத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்ததாம். குளியலறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையவில்லையாம். 'அழகான வீடு. ஆனால் எல்லா மனிதர்களையும் நினைத்துக் கட்டியதல்ல' என்று முடித்திருக்கிறார்.

முன்பதிவு செய்தபோது தகப்பனாரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் வேறு வீடு பார்க்கச் சொல்லியிருப்பேன்.

மாலையில் மெல்போர்னிலிருந்து மகன் டெரன்ஸ் பேசினான். இந்தச் சாலையிலேயே புதிதாக மூன்று வீடுகள் பயணிகளுக்கு விடுகிறார்கள், சாய்தளமும் கைப்பிடிகளும் உள்ள வீட்டுக்கு அந்த இணையதளத்தில் தனி அடையாளம் உண்டு, கொடைக்கானலில் அவன் தேடிய வரை அப்படி ஒரு வீடும் இல்லை என்றான். என் வீடு ஆஸ்பத்திரி அல்ல என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

'எல்லா மனிதர்களையும் நினைத்துக் கட்டியதல்ல.' என் கணவர் ஞானாதிக்கம் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டை வெயிலிலும் பனியிலும் நின்று கட்டினார். யாரோ ஒரு மாவு மில்காரர் அதற்கு மதிப்பெண் போடுகிறார்.

செய்வதென்றால் திருத்தமாகச் செய்துவிட வேண்டியதுதான். கான்வென்டில் மதர் பெனடிக்டா எங்கள் தையலின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். துணியைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே தமிழ் பேசினால் அபராதம். அதனாலேயே தமிழைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு வந்தது. எதையும் அரைகுறையாக நான் செய்ததில்லை.

டெரன்ஸுக்கு ஒப்புதல் தெரிவித்தேன். அவன் அனுப்பிய வழிகாட்டிக் குறிப்பு முழுவதையும் படித்தேன். கண் வலித்தது. அமலோற்பவம் மருந்து விட்டாள்.

அமலோற்பவம் என் கணவரின் தங்கை. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. திண்டுக்கல்லில் என் மாமியாரோடு இருந்தாள். மாமியார் இறந்ததும் இவர் போய் இங்கே கூட்டிவந்தார். கூட்டிவந்த மறு வருஷமே இவர் கண்ணை மூடிவிட்டார், அவள் என்னிடம் இருக்கிறாள். பின்பக்க அறை. நல்ல வெளிச்சம், தனி அடுப்பு வேறு. பட்டாணி உரிப்பாள், துணி மடிப்பாள். அடியில் பேரிங் பூட்டிய பலகை ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தரையைத் தள்ளிக்கொண்டு போவாள். பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுப்பவர்களிடம் இருக்குமே, அதே சாமான். விருந்தினர் இருக்கும் நாட்களில் கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பேரிங் சத்தம் பல்லைக் கூச வைக்கும்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். மழை இல்லை, குடை எடுத்துப் போனேன். குடை எப்போதும் எடுத்துப் போவதுதான்.

பிப்ரவரி 19, திங்கள்

சனிக்கிழமை காசிமாயன் மேஸ்திரி வந்தார். வாசலில் சாய்தளம் போட வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எதும்மா, ஸ்கூட்டியா புல்லட்டா?"

சக்கர நாற்காலி என்றேன். தலையாட்டினார். இன்று காலை வந்து பார்த்தால் படிகளின் நடுவே ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பட்டை, குறுக்கே வரிவரியாகக் கோடு இழுத்து, கூரை போலச் செங்குத்தாக நிற்கிறது. இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்குப் போட்டிருக்கும் அதே பட்டை.

"புல்லட்டே ஏறும்மா இதுல. நாற்காலி ஏறாதா?" என்றார்.

"நீர் நாற்காலியில் உட்காரும். நான் கீழே இருந்து தள்ளிப் பார்க்கிறேன்" என்றேன். அவர் ஆள் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பட்டையை உடைத்தார்கள்.

பிறகு கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். எங்கள் வாசல் இரண்டடி உயரம், ஆகவே இருபத்துநான்கடி. நேராக விட்டால் கேட்டை இடிக்கும். வீட்டின் பக்கவாட்டில் திருப்பி, ரோஜாப் பாத்தி வழியாகத்தான் கொண்டு வர வேண்டும்.

"ஐயா வச்ச ரோசாம்மா" என்றார் மேஸ்திரி.

ஐயா இருந்திருந்தாலும் கணக்குப்படிதான் செய்திருப்பார். பிடுங்கச் சொன்னேன்.

பிப்ரவரி 26, திங்கள்

சாய்தளம் முடிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் பிசகில்லை. இரண்டு பக்கமும் கம்பி. அகலம் நான்கடி. பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலைந்து தடவை நானே ஏறி இறங்கினேன். படியை விட வசதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோசமில்லை.

அமலோற்பவம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நின்றாள் என்று எழுதுகிறேன், வேறு சொல் இல்லை. சிமெண்ட் மூன்று மூட்டை மிச்சம் இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"மதினி, ஒண்ணு கேக்கவா? பின்வாசல்ல மூணு படிதான. மேஸ்திரிட்டச் சொல்லி அதுலயும் கொஞ்சம் சரிவாப் போட்டுவிட்டா, நானா எறங்கி, சுத்தி, கேட்டு வரைக்கும் வந்துருவேன். கோயிலு மணி கேக்குது. ஒரு ஞாயித்துக்கெழம, எட்ட இருந்தாவது பூசை பாத்துட்டு வந்துருவேன்."

விருந்தினர் பின்பக்கம் போவதில்லை, அங்கே சாய்தளத்துக்குத் தேவை இல்லை என்று விளக்கினேன். தவிர, பூசைதான் தினமும் டிவியில் வருகிறதே. மிச்ச சிமெண்ட்டில் காம்பவுண்டுச் சுவருக்கு அடிப்பூச்சு போடச் சொல்லியாயிற்று.

இவர் இருந்தபோது சில சாயங்காலங்களில் அவளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்து ஏரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வருவார். இறங்குவதில்லை. அவர் போன பிறகு அவள் கேட்டைத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஒரு தடவை தாலுகா ஆபீசிலிருந்து வந்து, முகாமில் பெயர் கொடுத்தால் சக்கர நாற்காலி இலவசம் என்றார்கள். மேடையில் யாரோ கவுன்சிலரிடம் கைநீட்டி வாங்குவதைப் படம் பிடித்துப் பேப்பரில் போடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2, சனி

குளியலறைக் கதவை மூன்றடி ஆக்கினார்கள். கழிப்பறைப் பக்கத்தில் கைப்பிடி. கடைக்காரர் காட்டிய எஃகுக் குழாய் தர்மாஸ்பத்திரியை நினைவூட்டியது. பித்தளை முலாம் போட்ட, துண்டு காயப்போடும் கம்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டச் சொன்னேன். கைக்குப் பிடித்தால் போதுமே.

மார்ச் 5, செவ்வாய்

டெரன்ஸ் ஏற்பாடு செய்த சக்கர நாற்காலி வந்து இறங்கியது. விருந்தினர் கேட்டால் கொடுப்பதற்கு. வீட்டை இணையதளத்தில் போடுவதற்கு முன் நாற்காலி பயன்படுத்தும் ஒருவரைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. அதற்கென்று யாரைத் தேடுவது. அமலோற்பவத்தை உட்கார வைத்தேன்.

வேலைக்காரி தங்கம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினோம். ஏறி உட்கார்ந்ததும் கூடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மதினி, நீங்க இம்புட்டு உசரம்தானா" என்றாள். கேலியா என்று தெரியவில்லை.

சாய்தளம் தேறியது. கதவுகள் தேறின. கழிப்பறைக்கு மாறும்போது அவள் பித்தளைக் கம்பியைப் பிடித்தாள். அது திருகோடு கையில் வந்துவிட்டது. ஈரத் தரையில் விழுந்து, வலது மணிக்கட்டு உடனே வீங்கிவிட்டது. நல்லவேளை, விழுந்தது அமலோற்பவம். விருந்தினராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். டைல்ஸ் ஒன்றும் உடையவில்லை.

தங்கம் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். ராத்திரி கண்ணுக்கு மருந்தை அமலோற்பவம் இடது கையால் விட்டாள். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. பார்த்து விடு என்றேன்.

மார்ச் 7, வியாழன்

இன்று புகைப்படங்கள். வெறும் சாய்தளத்தை எடுத்தால் சிமெண்ட் குடோன் மாதிரி இருக்கிறது. ஆள் இருந்தால்தான் உயிர் வருகிறது. அமலோற்பவத்துக்கு என் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைப் போட்டு, தலையை வாரி, நாற்காலியில் உட்கார வைத்துச் சாய்தளத்தின் நடுவில் நிறுத்தினேன். வீங்கிய கை தெரியாமல் மடியில் சால்வை. சிரிக்கச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

படத்துக்குக் கீழே 'மகிழ்ச்சியான விருந்தினர்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

கோட்டைத் திரும்ப வாங்கிப் பீரோவில் வைத்தேன்.

மார்ச் 8, வெள்ளி

பிளம்பர் எஃகுக் கைப்பிடி மாட்டினார். நான்கு போல்ட். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9, சனி

சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று அமலோற்பவம் கேட்டாள். விருந்தினர் இல்லாத நாட்களில் மட்டும், துடைத்து வைத்துவிடுவாளாம். புதுச் சாமான், சீட்டில் மடிப்பு விழுந்துவிடும் என்றேன். போர்வையால் மூடி, சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான்.

மார்ச் 13, புதன்

முன்பதிவு வந்துவிட்டது. நிரஞ்சனா, மதுரையில் வக்கீல், வயது நாற்பத்திரண்டு. விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு நாற்காலியில் இருப்பவர். சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர்களின் சங்கம் ஒன்றுக்காக வீடுகளைப் பார்த்து எழுதுகிறாராம். 21 முதல் 24 வரை. அவர் நன்றாக எழுதினால் அந்தத் தனி அடையாளம் கிடைக்கும்.

கான்வென்ட் பழைய மாணவியர் சங்கத்தில் சொன்னேன். மிசஸ் டிக்ரூஸ் முகம் போன போக்கை எழுதத் தமிழில் சொல் இல்லை.

மார்ச் 21, வியாழன்

வந்துவிட்டார். பின்பக்கம் சரிவுப் பலகை இறங்கும் வேன், டிரைவர். தோள் வரை வெட்டிய தலைமுடி, அதிகம் பேசாத பெண். வந்ததும் டேப் எடுத்து வாசலை அளந்தார். சாய்தளத்தில் யார் உதவியும் இல்லாமல் ஏறினார். திரும்பி இறங்கினார். மறுபடி ஏறினார்.

"மேடம், நான் பாத்ததுல கணக்குச் சரியா இருக்கிற சாய்தளம் ரொம்பக் கம்மி. யாரு இன்ஜினியர்?" என்றார்.

நான்தான் என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது என்னிடம் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று.

டீ குடிக்கும்போது படத்தில் இருந்த பெண்ணைப் பற்றிக் கேட்டார். எந்த ஊர், எப்போது வந்து தங்கினார் என்று. "நாற்காலி பழகினவங்க கை சக்கரத்து மேலதான் இருக்கும். அவங்க கை மடில இருந்துச்சு. முதல் தடவையா உக்காந்தவங்க மாதிரி ஒரு முகம்" என்றார். எத்தனையோ பேர் வந்து போகிறார்கள், நினைவில்லை என்றேன்.

அப்போது பின்பக்கத்திலிருந்து பேரிங் சத்தம். இன்று வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அது என்ன சத்தம்?"

"கிரைண்டர். பழசு" என்றேன்.

மார்ச் 22, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. நிரஞ்சனா வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று பின்பக்கம் போயிருக்கிறார். அங்கே அமலோற்பவம் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பலகையைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கி, பிறகு பலகையை இழுத்துக்கொள்வாள். துணி துவைக்கும் கல் வரைக்கும் அப்படித்தான் போய் வருவது. கைக்கு நல்ல தேகப்பயிற்சி.

நான் வந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நாற்காலியில், ஒருத்தி தரையில். நிரஞ்சனா என்னைப் பார்த்தார். படத்தில் இருந்தவர் இவர்தானே என்று கேட்கவில்லை. "இவங்க யாரு மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்டோட இருக்கிற பொண்ணு. சின்ன வயசுலேருந்தே கொஞ்சம் புத்தி மட்டு" என்றேன்.

அமலோற்பவம் துணி துவைக்கும் கல்லைப் பார்த்தாள். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நான் திருத்திச் சொல்லியிருப்பேன்.

ராத்திரி அவள் மருந்து விட வந்தபோது ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "மேல பாருங்க" என்றாள். "மூடிக்கோங்க" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 23, சனி

ஒட்டுக்கேட்பது என் வழக்கம் அல்ல. அடுக்களை ஜன்னல் பின்பக்கம் திறக்கிறது, நான் அங்கே நின்றேன், அவ்வளவுதான்.

நிரஞ்சனா அவளை மதுரைக்கு அழைக்கிறார். அங்கே பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு விடுதி. எல்லோரும் நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ இருப்பவர்கள். தையல், சமையல், எல்லாம் அவர்களே. மேசை, அடுப்பு, எல்லாம் உட்கார்ந்த உயரத்தில். ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம். நாளைக்கு வேனிலேயே வந்துவிடலாமாம்.

அமலோற்பவம் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"வரலம்மா. மதினிக்குச் சாயங்காலம் ஆனா கண்ணு தெரியாது. மருந்து சீசாவப் பிடிச்சா கை ஆடும். நான் போயிட்டா யாரு விடுவா? அவுங்களா யாருகிட்டயும் கேக்க மாட்டாங்க. காலும் முந்தி மாதிரி இல்ல. கொடையத்தான் கம்பா ஊனிக்கிட்டுப் போறாங்க."

நிரஞ்சனா, "அவங்க உங்களப் பத்தி நேத்து என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கல்ல?" என்றார்.

"கேட்டேன். அது அவுங்க கௌரவத்துக்குச் சொல்றது. எங்க அண்ணன் பொண்டாட்டி. விட்டுட்டுப் போக முடியுமா?"

என் கண்ணையும் காலையும் பற்றி வெளியூர்ப் பெண்ணிடம் பேச இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? இவள் சோறு தின்னும் வீட்டில் இவள் எனக்காகத் தங்குகிறாளாம். எனக்காக. கைநடுக்கம் எனக்கு இல்லை. கடந்த பக்கங்களைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், எழுத்து எங்கும் கோணவில்லை.

மாலையில் நிரஞ்சனா நேராக வந்து, பூட்டியிருக்கும் விருந்தினர் நாற்காலியை நாளைக் காலை தனக்குத் தர முடியுமா என்றார். தங்கியிருப்பவர் கேட்டால் தருவதற்குத்தான் அது. இன்னும் அவர் விமர்சனம் எழுதவில்லை. கொடுத்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

நிதானமாக, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் முன்னதாகவே டாக்சியில் கோயிலுக்குப் போய்விட்டேன். இன்றைக்கு ஓலை மந்திரிப்பது கோயிலுக்கு வெளியே, முற்றத்தில். பங்கு மக்கள் எல்லோரும் ஓலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பழைய மாணவியர் என்னைச் சுற்றி. மிசஸ் டிக்ரூஸ் என் வீட்டு விருந்தினர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வேன் வந்தது. சரிவுப் பலகையில் முதலில் நிரஞ்சனா இறங்கினார். அவருக்குப் பின்னால், என் நாற்காலியில், அமலோற்பவம்.

வெள்ளைச் சேலை. இரண்டு கையும் சக்கரத்தின் மேல். டிரைவர் பின்னால் வந்தார், ஆனால் தள்ளவில்லை. அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள், வலது மணிக்கட்டு இன்னும் சரியாகாததால் கொஞ்சம் கோணலாக. கூட்டம் வழிவிட்டது. யாரோ ஒரு பிள்ளை அவள் கையில் ஓலை ஒன்றைக் கொடுத்தது. என்னைத் தேடிப் பார்த்தாள். பார்த்ததும் ஓலையை உயர்த்திக் காட்டினாள், குழந்தைகள் செய்வதுபோல. அறுபது தாண்டியவள்.

மிசஸ் டிக்ரூஸ் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

பாதர் மரியநேசன் புதியவர், ஜூன் மாதம்தான் வந்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் நின்றார். "இவங்க யாரு ஹில்டாம்மா? ஒங்களப் பாத்துக் கையாட்டுறாங்க. நம்ம பங்குல பாத்ததில்லையே" என்றார்.

முற்றம் நிறைய ஆட்கள். ஒரு குடும்பத்தின் கதையை அங்கே நின்று சொல்ல முடியாது. ஆறு வருஷமாக வீட்டில் இருக்கிறாள் என்றால், ஏன் ஒருநாளும் கூட்டிவரவில்லை, ஏன் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரச் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பிறகு ஒருநாள் பாதரைத் தனியாகப் பார்த்து விளக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

"நம்ம வீட்டுல தங்க வந்தவங்க, பாதர். இன்னைக்குக் கெளம்புறாங்க" என்றேன்.

நிரஞ்சனா வாயைத் திறந்தார். அமலோற்பவம் அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. இரவில் மருந்து விடும்போது எந்தக் கண் என்று பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"ஆமா சாமி" என்றாள் பாதரிடம். "இன்னைக்குத்தான் கெளம்புறேன்."

"எந்த ஊரும்மா?"

"மதுர."

பாதர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். பாட்டு ஆரம்பித்தது. பவனி கோயிலுக்குள் போயிற்று. கோயிலில் ஏழு படி, கம்பி ஒரு பக்கம்தான். நான் கம்பிப் பக்கமாக ஏறினேன். ஏறி முடித்துத் திரும்பிப் பார்க்கவில்லை. இயேசுவின் பாடுகளின் வாசகம் முழுவதும் நின்றுகொண்டே கேட்க வேண்டும், கேட்டேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது முற்றத்தில் மிதிபட்ட ஓலைகள்தான் கிடந்தன.

வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் டிரைவர் மட்டும் வந்தார். நாற்காலியை மடித்து வாசலில் சாத்தினார்.

"அந்தம்மா பெட்டிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க மேடம்."

எங்கே அவள் என்றேன். கேட்டுக்கு வெளியே வேனில் இருக்கிறாள் என்றார். இறங்கி வரச் சொல் என்றேன். போனார். திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வர மாட்டாங்களாம். ரூமைக் காலி பண்ணியாச்சாம்."

நானே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். சேலைகள் நாலு, ஜெபப் புத்தகம், ஒரு டப்பாவில் ஊசி நூல். இவருடைய புகைப்படம் ஒன்றும் இருந்தது, பொறியியல் கல்லூரியில் எடுத்தது. அது இந்த வீட்டுக்குரியது. எடுத்து வைத்துக்கொண்டேன். பேரிங் பலகையைக் கொண்டுபோகச் சொன்னேன். அது அவர்களுக்கு வேண்டாமாம்.

டிரைவர் சாய்தளத்தில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பினார். "ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. கண்ணு மருந்து ஃப்ரிட்ஜ் கதவுல இருக்காம். இடது கண்ணுக்கு ரெண்டு வேளையாம், வலதுக்கு ராத்திரி மட்டுமாம். விட்டுட்டு மூக்கு ஓரத்துல அமுக்கிக்கணுமாம்."

எனக்குத் தெரியாதா?

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் வாசலுக்குப் போகவில்லை. மதியச் சாப்பாடு, அவியலும் ரசமும். தங்கத்துக்கு ஞாயிறு விடுமுறை.

மார்ச் 25, திங்கள்

மருந்து நானே விட்டுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புது சீசா வாங்க வேண்டும், இது தீர்ந்துவிட்டது.

மார்ச் 27, புதன்

நிரஞ்சனாவின் விமர்சனம் வந்தது. ஐந்து நட்சத்திரம். சாய்தளத்தின் சரிவு, கதவுகளின் அகலம், கைப்பிடியின் உறுதி, கட்டிலின் உயரம், எல்லாவற்றையும் அளவோடு எழுதியிருக்கிறார். ஒரு பிழை கிடையாது. 'விருந்தோம்பல்' என்ற இடத்தை மட்டும் வெற்றாக விட்டிருக்கிறார். மறந்திருக்கலாம்.

அடையாளம் கிடைத்துவிட்டது. மே மாதம் முழுவதும் முன்பதிவு நிறைந்துவிட்டது. மிசஸ் டிக்ரூஸ் தொலைபேசியில் வாழ்த்தினார். 'அன்னைக்கு வந்த அந்தம்மா' எப்படி இருக்கிறார் என்றும் கேட்டார். ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்றேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

உபவாசம். கோயிலுக்குப் போகவில்லை. வழிபாடு முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும், பனி வேறு.

மார்ச் 31, ஈஸ்டர்

காலையில் டெரன்ஸ் அழைத்தான். வாழ்த்துச் சொன்னான். அடையாளம் கிடைத்ததைப் பற்றி வெகுநேரம் பேசினான். பிறகு, "அத்தைகிட்ட குடுங்க மம்மி, ஹேப்பி ஈஸ்டர் சொல்லணும்" என்றான்.

வெளியே போயிருக்கிறாள் என்றேன்.

"அத்தையா? எப்படிப் போனாங்க?"

"சாய்தளத்து வழியாத்தான். வேற எப்படி?"

அவனுக்கு ஒரே சந்தோஷம். இதற்காகத்தான் தான் அப்போதே சாய்தளம் போடச் சொன்னதாகவும், அத்தைக்கு என்று சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன் என்பதால் விருந்தினர், அடையாளம் என்று சொன்னதாகவும் ஒப்புக்கொண்டான். நாற்காலியையும் அவள் அளவுக்குத்தான் பார்த்து அனுப்பினானாம். இப்போது அதை என்னிடம் சொல்கிறான்.

அத்தை எத்தனை மணிக்குத் திரும்புவாள், அப்போது மறுபடி அழைக்கிறேன் என்றான். சரியாகக் கேட்கவில்லை என்றேன். இன்னும் சத்தமாகக் கேட்டான்.